காஷ்மீர் ஏரிப் பாதையைப் போட்டது யார்?

காஷ்மீரின் மலை ஏரிகள் வழியாகப் போகும் நடைப்பயணம் இப்போது இளைஞர்களிடையே ரொம்பப் பிரபலம். சோனமார்க்கில் தொடங்கி நாராநாகில் முடிகிறது. சுமார் 70 கிலோமீட்டர், ஏழு நாள். வழியில் 4,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் மூன்று கணவாய்களைத் தாண்ட வேண்டும். 2022 ஆகஸ்டில், 63-வது வயதில், நானும் ஒரு குழுவோடு சேர்ந்து நடந்து முடித்தேன்.

திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டவை மூச்சு வாங்கியதா, முட்டி என்ன ஆயிற்று, செலவு எவ்வளவு என்பவைதான். எனக்குள் எழுந்த கேள்வி வேறு. நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ரோடு போட்டவன் நான். எந்தப் பாதையில் கால் வைத்தாலும், இதைப் போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்றுதான் முதலில் மனசு கேட்கும். அந்த ஏழு நாளும் அதையே கேட்டுக்கொண்டு நடந்தேன். வந்தபின் புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள். காஷ்மீரியில் ‘சர்’ என்றால் ஏரி, ‘நாக்’ என்றால் ஊற்று, ‘மார்க்’ என்றால் புல்வெளி, ‘கலி’ என்றால் கணவாய். இந்த நான்கும் தெரிந்தால் பாதி வரைபடம் புரிந்துவிடும். நாங்கள் பார்த்த ஏரிகள் விஷன்சர், கிருஷ்ணசர், காட்சர், சத்சர், நந்தகோல், கங்காபல். எல்லாமே பனியாறுகள் குடைந்து வைத்த குழிகள். பனியாறு மலைச்சரிவைக் கிண்ணம்போல் தோண்டும். தான் அரைத்த கல்லையும் மண்ணையும் வாயில் குவித்துவிட்டுப் பின்வாங்கும். அந்தக் குவியலே கரையாகி, உருகிய நீர் ஏரியாக நிற்கும். நம் ஊர் ஏரிக்குக் கரை போட்டவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். இங்கே கரை போட்டது பனி.

ஏரிக்கு இப்படி விடை கிடைத்துவிட்டது. பாதைக்குத்தான் தேட வேண்டியிருந்தது.

தொடங்கும் இடமான சோனமார்க் பழைய வணிக வழியில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாய் தாண்டி லடாக்குக்கும், அங்கிருந்து மத்திய ஆசியாவுக்கும் சரக்கு போன வழி இது. 1948 நவம்பரில் சோஜிலாவை மீட்க இந்திய ராணுவம் டாங்கிகளை மேலே ஏற்றியது. அதுவரை அது கோவேறு கழுதை போகும் தடம். அதை டாங்கி போகும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது சென்னை மாகாணத்துப் பெயரைத் தாங்கிய நம் பொறியியல் படைப்பிரிவு. குளிரிலும் எதிரி குண்டுவீச்சிலும் செய்த வேலை. நெடுஞ்சாலைக்காரனான எனக்கு அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும்போல இருந்தது.

நாங்கள் நடக்க வேண்டிய தடம் அந்த ரோட்டை விட்டுப் பிரிந்து மேலே ஏறுகிறது. முதல் நாள் மேப்பிள், பைன் மரங்கள். அதற்கு மேலே வெள்ளைப் பட்டை மரங்கள். இந்த பூர்ஜ மரத்தின் பட்டை காகிதம்போல் உரிந்து வரும். காகிதம் பரவும்வரை காஷ்மீரிகள் இதில்தான் ஏடு எழுதினார்கள். நமக்குப் பனையோலை எப்படியோ அவர்களுக்கு இது அப்படி.

மரக்கோடு முடிந்ததும் நிச்னாய் பள்ளத்தாக்கு. அங்கேதான் தடத்தை நன்றாகக் கவனித்தேன். மலைச்சாலைக்கு இருபதுக்கு ஒன்று ஏற்றம் என்பது எங்கள் துறைப் பாடம். கால்தடம் அதைவிடச் செங்குத்துதான். ஆனாலும் எங்கே வளைய வேண்டும், எந்த ஓடையை எந்த இடத்தில் கடக்க வேண்டும், எந்தச் சரிவில் கல் உருளும் என்றெல்லாம் தெரிந்து போட்ட தடம் அது. ஒரே தடமாகவும் இல்லை. பத்துப் பதினைந்து கோடுகள் பக்கத்தில் பக்கத்தில், சரிவு முழுக்கப் படிபோல் ஓடுகின்றன. இது ஆடு போட்ட கோடு. மந்தை ஒற்றை வரிசையில் போகாது, பரவித்தான் போகும்.

எங்கள் சாமான்களைச் சுமந்த குதிரைகளின் சொந்தக்காரர் குஜ்ஜர் இனத்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குழுவில் எல்லோருக்கும் அவர் ‘சாச்சா’, அதாவது சித்தப்பா. நான் மட்டும் ‘பாய் சாப்’ என்று கூப்பிட்டேன். அவர் என்னை ‘இஞ்சினியர் சாப்’ என்றார். என் உடைந்த இந்தியில் கேட்டேன்: “இந்த ரோட்டைப் போட்டது யார், பாய் சாப்?” அவர் சிரித்துவிட்டு, முன்னால் போன குதிரையின் காலைக் காட்டினார். “இவங்க அப்பன், பாட்டன்” என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் சரியான பதில். குஜ்ஜர், பக்கர்வால் மக்கள் குளிர்காலத்தில் ரஜௌரி, பூஞ்ச், ரியாசி போன்ற ஜம்மு மலையடிவாரங்களில் இருப்பார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் ஆடு, குதிரை, நாய், குழந்தை குட்டிகளோடு பீர் பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டி இந்தப் புல்வெளிகளுக்கு நடந்து வருவார்கள். பல வாரங்கள் ஆகும் நடை. இலையுதிர் காலத்தில் அதே வழியில் திரும்புவார்கள். வாட்டர்புரூஃப் ஜாக்கெட்டும் இரண்டு ஊன்றுகோலும் வைத்துக்கொண்டு நாம் ஏழு நாளில் சாதித்ததை, அவர்கள் வீட்டுப் பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வருடம் இரண்டு தரம் சாதிக்கிறாள். கல்லை அடுக்கி, மேலே மரமும் மண்ணும் போட்ட அவர்களது ‘கோட்டா’ வீடுகளை வழி நெடுகப் பார்த்தோம்.

நிச்னாய் கணவாயைத் தாண்டினால் விஷன்சர். பக்கத்திலேயே சற்று உயரத்தில் கிருஷ்ணசர். விஷ்ணுவின் ஏரி, கிருஷ்ணனின் ஏரி. இரண்டும் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கிருஷ்ணசர் தண்ணீர் விஷன்சரில் இறங்கி, அங்கிருந்து ஓடையாகக் கிளம்புகிறது. நான் கல் மேல் கல் தாவி அதைக் கடந்தேன். இதுதான் கிஷன்கங்கா நதியின் தலை. குரேஸ் பள்ளத்தாக்கு வழியாகப் போய், கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டியதும் ‘நீலம்’ என்று பெயர் மாறி, முசாஃபராபாதில் ஜீலத்தில் சேர்கிறது. இந்தத் தண்ணீரைத் திருப்பி 330 மெகாவாட் மின்சாரம் எடுக்க இந்தியா திட்டம் போட்டபோது பாகிஸ்தான் ஆட்சேபித்தது. விவகாரம் ஹேக் நகரத்து நடுவர் மன்றம்வரை போயிற்று. 2013-ல் தீர்ப்பு வந்தது. தண்ணீரைத் திருப்பலாம், ஆனால் ஆற்றில் விநாடிக்கு 9 கன மீட்டராவது விட்டாக வேண்டும் என்றார்கள். 2018-ல் மின்நிலையம் திறக்கப்பட்டது. தாவிக் கடந்த ஓடைக்குப் பின்னால் இவ்வளவு வழக்கு. காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அந்த ஏரிகளில் டிரவுட் மீன் துள்ளுவதைப் பார்த்தோம். அதுவும் அந்த ஊர் மீன் அல்ல. 1900 வாக்கில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க, பிரிட்டனிலிருந்து கப்பலில் முட்டை கொண்டுவந்து காஷ்மீரில் வளர்த்தார்கள். அதன் சந்ததிதான் இன்று குளிர்ந்த ஓடைகளிலெல்லாம் இருக்கிறது.

அடுத்து காட்சர் கணவாய். இந்தப் பயணத்தில் மிக உயரமான இடம், சுமார் 4,200 மீட்டர். மறுபுறம் இறங்கினால் காட்சர் ஏரி. ‘காட்’ என்றால் காஷ்மீரியில் மீன். ஆகஸ்டிலும் பனிப்பாளம் மிதக்க, கரையெல்லாம் பூவாக இருந்தது. இந்த ஏரிக்குள் ஒரு ஜந்து இருக்கிறது, கரைக்கு வரும் ஆட்டை இழுத்துக்கொள்ளும் என்று மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். சாச்சாவும் தன் குதிரைகளைக் கரை ஓரம் விடவில்லை. ஜந்து இருக்கிறதோ இல்லையோ, கரை சட்டென்று ஆழமாகும் ஏரியில் மந்தையைக் காக்க இதைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை கிடையாது.

கட்டுப்பாட்டுக் கோடு ரொம்பத் தூரமில்லை. வழியில் ராணுவ முகாம்களில் அடையாள அட்டையைச் சரிபார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கோடு 1949-ல் போர்நிறுத்தக் கோடாக வந்தது. அதற்கு முன் மந்தைகள் அந்தப் பக்கமும் போய் மேய்ந்தவை. பாட்டன் மேய்த்த மலை கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது என்றார் சாச்சா. அதிகம் பேசாத மனிதர். அன்று இதை மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் சத்சர். ‘சத்’ என்றால் ஏழு. சிறு சிறு ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. மழை குறைந்த பருவத்தில் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்காது. ஆறாம் நாள் ஜஜ் கணவாய். உச்சியில் நின்றால் கீழே கங்காபல், நந்தகோல் இரண்டும் நீலமாகத் தெரிகின்றன. அவற்றுக்கு மேலே 5,142 மீட்டர் உயரத்தில் ஹரமுக் மலை. நான் இந்தப் பயணம் போனதற்கு உண்மையான காரணம் இந்த மலைதான்.

இதற்காக சென்னைக்கு வர வேண்டும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளப்பது திட்டம். உயரமான இடம் கிடைக்காத சமவெளியில் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, பெரிய தியோடலைட் கருவி மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தன் கையாலேயே சரிசெய்தார். இந்தக் கதையை எங்களுக்குக் கல்லூரியில் சர்வே பேராசிரியர் சொன்னபோது சிரித்தோம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லாம்டனுக்குப் பின் எவரெஸ்ட், அவருக்குப் பின் வா. முக்கோணங்கள் வடக்கே நகர்ந்து இமயமலைக்கு வந்தன. 1855-ல் காஷ்மீரில் அளவை தொடங்கியது. பொறுப்பு தாமஸ் மாண்ட்கோமரி என்ற இளம் பொறியாளருடையது. 1856-ல் அவர் ஹரமுக் மேல் ஏறி, கருவியை நிறுத்தி வடக்கே பார்த்தார். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் காரகோரம் தொடரில் இரண்டு சிகரங்கள் தலைதூக்கி நின்றன. குறிப்பேட்டில் அவற்றை வரைந்து கே-1, கே-2 என்று எழுதினார். ‘கே’ என்றால் காரகோரம். கே-1 என்பதற்கு மாஷர்புரும் என்ற உள்ளூர்ப் பெயர் இருப்பது பிறகு தெரிந்தது. மற்றதற்கு அந்தத் தற்காலிகக் குறியே நிலைத்துவிட்டது. 8,611 மீட்டர், உலகின் இரண்டாவது உயரமான மலை. அதன் பெயர் ஒரு சர்வேயரின் நோட்டுப் புத்தகத்தில் போட்ட வரிசை எண்!

அதே 1856-ல்தான் உலகின் மிக உயரமான சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை வா முன்மொழிந்தார். அந்த உயரத்தைக் கணக்கிட்டதில் முக்கியப் பங்கு ராதாநாத் சிக்தர் என்ற வங்காளிக் கணித நிபுணருடையது. கணக்குப் போட்டவர் பெயராவது நமக்குத் தெரிகிறது. கருவியைத் தூக்கிக்கொண்டு ஹரமுக் மேல் ஏறிய கலாசிகளின் பெயர்?

எங்கள் துறையிலும் கலாசி, செயின்மேன் உண்டு. நான் சேர்ந்த காலத்தில் டம்பி லெவல் வைத்து அளந்தோம். நான் நிழலில் நின்று கண்ணாடி வழியே பார்ப்பேன். செயின்மேன் முள்ளிலும் சேற்றிலும் இறங்கி ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லெவல் புத்தகத்தில் பின் நோக்கு, முன் நோக்கு, மட்டம், குறிப்பு என்று கட்டங்கள் இருக்கும். முதல் பக்கத்தில் அதிகாரி கையெழுத்து இருக்கும். ஸ்டாஃபைப் பிடித்தவர் பெயருக்கு மட்டும் கட்டமே கிடையாது. சங்கிலி சுருங்காமல் பிடித்தது அவர் கை. அது தவறினால் என் கணக்கெல்லாம் தப்பு.

மாண்ட்கோமரியைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உயரத்தில் குளிரில் விரல் மரத்துப்போக, மேகம் விலகும் நேரத்துக்காக நாள்கணக்கில் காத்திருந்து அளப்பது லேசான வேலை இல்லை. எல்லை தாண்டி வெள்ளைக்காரர் போக முடியாத இடங்களுக்கு இந்தியர்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பலாம் என்ற யோசனையும் அவருடையதே. அப்படி 1866-ல் லாசாவை அடைந்த நைன் சிங், 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணி வைத்துக் காலடியை எண்ணி அளந்தார். அவர் பெயர் நிலைத்தது. மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் ‘ஆட்கள்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனார்கள். அவர்களுக்கு மலைமேல் வழி காட்டியவர்கள் யார்? வருடா வருடம் அங்கே ஆடு மேய்த்தவர்களைத் தவிர வேறு யாருக்கு வழி தெரிந்திருக்கும்?

ஆறாம் நாள் மாலை கங்காபல் கரைக்கு வந்தோம். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஏரி. இங்கே வருவது இன்னொரு பழைய பாதை. காஷ்மீர் பண்டிதர்களுக்கு இது ஹரமுகுட கங்கை. ஹரித்துவாரில் அஸ்தி கரைப்பதற்கு ஈடாக இங்கே கரைத்தார்கள். அதுவும் ஒரு யாத்திரை. இறந்தவரின் எலும்பைச் சுமந்துகொண்டு நாராநாகிலிருந்து அந்தச் செங்குத்தில் ஏறி வருவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணியிலேயே இந்தத் தலத்தின் பெருமை வருகிறது. அந்த நூலை 1900-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆரல் ஸ்டைன், இதே ஹரமுக் மலையின் கிளையிலுள்ள மோஹந்த் மார்க் புல்வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்துதான் மொழிபெயர்ப்பு வேலை செய்தார். வெகுகாலம் நின்றுபோயிருந்த யாத்திரை 2009-ல் மறுபடி தொடங்கியது. 1990-ல் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு அந்த நடை எப்படி இருக்கும் என்று கரையில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று அங்கே எங்களைத் தவிர யாத்ரிகர் யாருமில்லை. ஆடுகள் மட்டும் மேய்ந்தன.

கடைசி நாள் ஒரே இறக்கம். முட்டிக்குச் சோதனை அங்கேதான். கீழே நாராநாகில் 8-ஆம் நூற்றாண்டு மன்னர் லலிதாதித்யனோடு தொடர்புபடுத்தப்படும் சிவன் கோயில்கள் இடிபாடாக நிற்கின்றன. பக்கத்தில் ஊற்றுநீர் நிறையும் கல் தொட்டி. பெரிய பெரிய கற்களைப் பொருத்தியிருக்கிறார்கள். கல்லைத் தடவிப் பார்த்தேன். மட்டம் இன்றைக்கும் பிசகவில்லை.

ஆக, என் கேள்விக்குக் கிடைத்த பதில் இது. ஆடும் குதிரையும் போட்ட கோட்டில் மேய்ப்பவர்கள் நடந்தார்கள். அஸ்தி சுமந்தவர்கள் நடந்தார்கள். கருவி சுமந்தவர்கள் நடந்தார்கள், பிறகு துப்பாக்கி சுமந்தவர்கள். கடைசியாக வந்தவர்கள்தான் ஷூ போட்ட நாம். ஆனால் இணையத்தில் தேடினால் யாரும் போகாத பாதை, மனிதன் கால் படாத புல்வெளி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இது வெறும் விளம்பர வார்த்தை என்று விட்டுவிட முடியவில்லை. யாருமே இல்லாத இடம் என்று நாம் சொல்லச் சொல்ல, அங்கே இருப்பவர் அத்துமீறி வந்தவர்போல் ஆகிவிடுகிறார். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது, ஜம்மு காஷ்மீருக்கு 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மேய்ச்சல் உரிமை கேட்பவர், தம் முன்னோர் அந்த நிலத்தைப் பயன்படுத்தியதற்குச் சான்று காட்ட வேண்டும். லெவல் புத்தகத்தில் கட்டமே இல்லாதவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? மலைச்சரிவு முழுக்க ஓடும் அந்தக் கோடுகள்தான் அவர்களது பட்டா.

சாச்சாவின் பெயர் என் குறிப்பேட்டில் முழுதாக இருக்கிறது. இங்கே எழுதலாமா என்று கேட்டேன். எல்லைப்பக்கம் இருப்பவன், இண்டர்நெட்டில் வேண்டாம் சாப் என்றார். சரி என்றேன்.

போக நினைக்கும் நண்பர்களுக்கு: ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் பருவம். மூன்று மாதம் முன்பிருந்தே தினம் ஒரு மணி நேரம் படி ஏறிப் பழகுங்கள். முட்டிக்குப் பட்டை, இரண்டு ஊன்றுகோல், அடையாள அட்டையின் அசல் அவசியம். பாதுகாப்பு நிலவரத்தைப் பொறுத்து வழி மூடப்படுவதும் உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மந்தை எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். அவர்கள் ரோடு அது.